முதல் அழியாத கொடை

ஒரு கல்லூரி தன் ஆண்டுகளை எண்ணிப் பார்த்து விழாக் கொண்டாடும்போது அதன் பழைய மாணவரிடையே இருவகை எண்ணங்கள் எழுதல் இயல்பு. கடந்த காலத்தை நினைந்து பெருமிதங் கொள்ளுதல் ஒன்று. வருங்காலத்துக்கு யாது செய்யலாம் என ஆராய்தல் மற்றொன்று. முன்னதனைச் செய்வார் பலர் உளர். அவர்தம் நினைவுரைகள் படிக்கப் படிக்க இனிப்பன. ஆதலின் யாம் பின்னதனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

விழா நிதி என்னும் பெயரால் உள்ளூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர்கள் பொருள் அனுப்பிக்கொண்டிருக்கின்றனர். அப்பொருள் எவ்வாறு செலவாதல் வேண்டும்? முகப்பிலே ஒரு வளைவு எடுத்தல் வேண்டும் என்பார் சிலர். மண்டபத்துக்குக் குளிரூட்டும் பொறி வேண்டும் என்பார் வேறு சிலர். யாம் இவற்றுள் எதனையும் பழிக்க வந்தேமல்லேம். ஆயினும், வளைவு எழுந்த மறுநாளே நிதி முடிந்துவிடும். அதற்குக் காலந்தோறும் வெள்ளையடிக்குஞ் செலவு மாத்திரம் எஞ்சி நிற்கும். நிதியின் பெரும்பகுதியைச் செலவு செய்யாது முதலாக வைத்து, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியை ஓம்புதல் வேண்டும் என்பதே எமது துணிபு. இக்கருத்து எமது கற்பனையிற் பிறந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் நூறாண்டுகளுக்கு மேலாக இம்முறையினாற் பயன் பெற்று வருகின்றன. சிற்சில வேளை இடர்ப்பட்டும் உள்ளன. இரண்டினையும் நாம் அறிதல் நன்று.

அமெரிக்கக் கல்விக் கொடையைப் பற்றிப் பேசப் புகுவார் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை தேசாதிபதியாக இருந்தவர் எலிகு யேல் என்பார். அவர் 1718 இல், அமெரிக்கக் குடியேற்ற நாடாகிய கனெக்ரிக்கற்றில் இருந்த ஒரு சிறிய கலாசாலைக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கு விற்று வந்த தொகை ஏறக்குறைய 560 பவுண். கலாசாலை நன்றிப்பெருக்கால் அவர் பெயரையே சூடிக்கொண்டது. அதுவே இன்று உலகறிந்த யேல் பல்கலைக்கழகம். இத்துணை மலிவாக இத்துணைப் பெரும்புகழ் பெற்றார் பிறிதொருவர் இலர் என்றே சொல்லலாம். ஆயின், கோட்டையில் அதிகாரஞ் செலுத்திய காலத்து அடிமை வாணிகத்தோடு அவருக்கிருந்த தொடர்பு இன்று வெளிப்படையாகப் பேசப்படுகின்றது. முந்நூறு ஆண்டுகளின் பின்னர் அப்பெயரை எடுக்கவும் இயலாது, அதன் வரலாற்றை மறைக்கவும் இயலாது அப்பல்கலைக்கழகம் நிற்கின்றது. கட்டடத்துக்குக் கட்டடம் பெயர்ப்பலகை மாட்ட விழைவார் இதனை ஒருமுறை எண்ணுதல் தகும்.

யேலின் கொடை ஒரே தடவையிற் கொடுத்து முடிந்த கொடை. முதலை அழியாது காத்து, வருவாயை மாத்திரம் வழங்கும் முறைக்குக் கன்சாஸ் மாநிலத்தை நோக்குதல் வேண்டும். அம்மாநிலத்தின் லோறன்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகம் அரசினது. அரசினது என்றமையால் அதன் வரவுசெலவு மாநிலச் சட்டசபையின் கையில் இருந்தது. ஒருவர் அன்போடு அளிக்கும் பொருள் அரசின் பொதுப் பணத்தோடு கலந்துவிடுமாயின், அஃது எங்குச் சென்றது, எதற்குப் பயன்பட்டது என்று எவரும் அறியார். அன்றியும், கொடை வந்த அளவுக்கு அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளவுங் கூடும். ஆதலின் 1891 இல் பல்கலைக்கழகத்துக்குப் புறம்பாக, அதன் நலம் ஒன்றனையே நோக்கமாகக் கொண்ட நிதியம் ஒன்று அங்கே தோன்றிற்று. அந்நாட்டில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கென அமைந்த நிதியங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். அதற்குத் தனிச் சட்ட உரிமை உண்டு. தனித் தருமகர்த்தாக்கள் உளர். கொடையைப் பெறுவதும், காப்பதும், பெருக்குவதும் நிதியத்தின் கடன். கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் கடன்.

அந்நிதியத்துக்கு வாய்த்த கொடையாளருள் எலிசபெத் மில்லர் வற்கின்ஸ் அம்மையாரை யாம் சிறப்பாக எடுத்துக் கூற விரும்புகின்றோம். அவர் 1861 இற் பிறந்தவர். இளமையிலே குடும்பத்தின் வறுமையாற் படிப்பை இடையில் நிறுத்தி உழைக்கச் சென்றார். நில அடமானத் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டிய வற்கின்ஸ் என்பாரின் அலுவலகத்திற் பல்லாண்டு பணியாற்றி, 1909 இல் அவரையே மணந்தார். 1921 இற் கணவர் இறந்தார், பிள்ளைகள் இலர். பெருஞ்செல்வம் கையில் இருக்க, அதனை என் செய்வது என்று எண்ணிய அம்மையாருக்குத் தாம் இழந்த படிப்பே நினைவில் நின்றது போலும். வறிய குடும்பத்துப் பெண்கள் தங்கிப் படிப்பதற்கென 1920களின் நடுப்பகுதியில் ஒரு விடுதியும், 1937 இல் மற்றொரு விடுதியும் கட்டுவித்தார். அவ்விடுதிகளிலே மாணவியர் தாமே சமைத்தும், தாமே துப்புரவு செய்தும் வாழ்வர். அதனால் தங்கும் செலவு வெகுவாகக் குறையும். மாணவர்க்கென மருத்துவமனையும் அவர் அளித்தார். 1939 இல் அவர் இறந்தபோது செல்வத்தின் பெரும்பகுதி நிதியத்துக்குச் சேர்ந்தது. அவர் வாழ்ந்த இல்லம் பல்கலைக்கழகத் தலைவரின் உறைவிடம் ஆயிற்று.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைக் கவர்வது தொகையின் பெருமையன்று. எது தேவை என்பதைத் தாமே பட்டறிந்த ஒருவர் கொடுத்த கொடை அது. படிப்பை நிறுத்திய பெண் எதனால் நிறுத்துகின்றாள் என்பது அவருக்குத் தெரியும். கட்டணத்தினால் மட்டுமன்று, உண்ணவும் உறங்கவும் வழியின்மையால். நம் பழைய மாணவருள்ளும் விளக்கெண்ணெய்க்கு வழியின்றிப் படித்து மேனிலை அடைந்தோர் பலர். அவர்கள் தம் இளமையை நினைந்து கொடுப்பாராயின், வளைவு எடுக்கும் எண்ணம் அவர்களுக்கு எளிதில் தோன்றாது.

இனி, நிதியம் நடைபெறும் முறையைப் பார்ப்போம். கொடைகள் இருவகைப்படும். இன்ன செயலுக்கே என்று குறித்துக் கொடுப்பது ஒன்று. யாதொன்றும் குறியாது, பொறுப்பாளரின் அறிவுக்கு விட்டுக் கொடுப்பது மற்றொன்று. அமெரிக்க நிதியங்களுக்கு வருவனவற்றுட் பெரும்பாலானவை முதல்வகையின. ஒருவர் புலமைப்பரிசிலுக்குக் கொடுப்பார். ஒருவர் பேராசிரியர் பதவி ஒன்றுக்குக் கொடுப்பார். ஒருவர் நூலகத்துக்குக் கொடுப்பார். இவற்றை நிதியம் ஒன்றாகத் திரட்டி முதலீடு செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்கும். ஆண்டுதோறும் முதலின் மதிப்பில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வீதமே பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்படும். அம்மதிப்பையும் ஓராண்டுக் கணக்காற் கொள்ளாது, சில ஆண்டுகளின் சராசரியாற் கொள்வர். சந்தை உயர்ந்த ஆண்டிலே மிகுதியாகச் செலவிட்டுத் தாழ்ந்த ஆண்டிலே மாணவரைக் கைவிடாதிருத்தற்கு இஃது ஓர் உபாயம். எஞ்சிய வருவாய் முதலோடு சேரும்.

வருவாய் முழுவதையும் செலவிட்டால் என்ன என்று கேட்பார் உளர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு சங்கத்திடம் ஒரு கோடி ரூபா முதல் உண்டெனக் கொள்வோம். ஆண்டு வருவாய் பத்து இலட்சம். பொருள்களின் விலை அவ்வாண்டில் நூற்றுக்கு ஆறு ஏறிற்றாயின், அடுத்த ஆண்டு அதே ஒரு கோடி முன்னைய அளவு பொருளை வாங்காது. ஆறு இலட்சத்தை முதலோடு சேர்த்தாலன்றி முதல் தன் வலிமையை இழக்கும். ஆகவே உண்மையிற் செலவிடத்தக்கது நான்கு இலட்சமே. பத்து இலட்சத்தையும் செலவிடுவோர் வட்டியை உண்கின்றோம் என்று எண்ணிக்கொண்டு விதைநெல்லை உண்கின்றனர்.

இலங்கையர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி காட்டிய பணவீக்கம் எழுபது வீதத்தை அண்மித்தது. அத்தகைய ஓராண்டில் வங்கியிற் கிடந்த ஒரு கோடி, முன்னைய விலைக் கணக்கிலே அறுபது இலட்சத்துக்கும் குறைந்த மதிப்பினதாயிற்று. ஒரு காசும் களவு போகவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை, கணக்கிலே எழுதிய எண் மாறவில்லை. ஆயினும் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைக்கு அத்தொகை பேருந்துக் கட்டணத்துக்கும் போதாதாயிற்று. ஆதலின், நிலையான வைப்பு ஒன்றே காப்பு என்று நாம் வாளா இருத்தல் ஆகாது. எவ்வெவற்றில் எவ்வளவு முதலிடல் வேண்டும் என்பதைக் கூற யாம் வல்லேமல்லேம். எமக்குத் தெரிந்தது இலக்கணம். வங்கித் தொழிலிலும் கணக்கியலிலும் தேர்ந்த பழைய மாணவர் நம்மிடையே உளர். சொற்பொழிவுக்கு அழைத்து மாலை சூட்டுதலோடு அமையாது, இவ்வேலையை அவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

கொடையினால் வரும் இடர்களையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 1961 இல் சாள்ஸ் றொபேட்சனும் அவர் மனைவியார் மரீயும் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் பொதுத்துறைக் கல்விப் பிரிவுக்கென மூன்றரைக் கோடி டொலர் மதிப்புள்ள பங்குகளை அளித்தனர். அரசுப் பணிக்கு, அதனினும் வெளிநாட்டு உறவுத் துறைப் பணிக்கு, இளைஞரைப் பயிற்றுதல் அக்கொடையின் நோக்கம். அதனைக் காக்கத் தனி நிதியம் அமைந்தது. அதன் சபையிலே பெரும்பான்மையோர் பல்கலைக்கழகத்தால் நியமிக்கப்பட்டோர். நாற்பதாண்டுகளில் முதல் பன்மடங்காகப் பெருகிற்று. பெருகவே பிணக்கும் பெருகிற்று. பணம் வேறு காரியங்களுக்குச் செலவாகின்றது, அரசுப் பணிக்குச் செல்வோர் மிகச் சிலர் என்று கொடையாளரின் பிள்ளைகள் 2002 இல் வழக்குத் தொடுத்தனர். ஆறாண்டு நடந்த வழக்கு 2008 டிசெம்பரில் இணக்கமாக முடிந்தது. வழக்குச் செலவுக்கென நாலு கோடி டொலரும், அரசுப் பணிக் கல்விக்கெனக் குடும்பத்தார் அமைக்கும் புதிய நிதியத்துக்கு ஐந்து கோடி டொலரும் வழங்க உடன்பாடாயிற்று. எஞ்சிய பெருந்தொகை பல்கலைக்கழகத்தோடே இருந்தது. நாலு கோடி டொலர் எத்தனை மாணவரைப் படிப்பித்திருக்கும் என்று எண்ணும்போது ஆசிரியர் எவருக்கும் நெஞ்சு பதைக்கும்.

அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று யாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. எமக்குப் புலப்படுவது இது: கொடையை ஏற்கும் நாளில், வாழ்த்துரையின் இரைச்சலிலே, எழுத்திற் போடவேண்டியவற்றைத் தெளிவாகப் போடாமையே பின்னை வரும் வழக்குக்கு வித்து. நோக்கம் மிகக் குறுகியதாயின் காலம் மாறும்போது பணம் பூட்டிக் கிடக்கும். நோக்கம் மிக விரிந்ததாயின் கொடுத்தவர் ஏமாந்தேன் என்பார். தட்டச்சு வகுப்புக்கென நாற்பதாண்டுக்கு முன் ஒருவர் ஒரு கல்லூரிக்கு நிதி வைத்திருப்பாராயின், இன்று அதனைக் கணினி வகுப்புக்குப் பயன்படுத்தலாமா? ஆகும் என்பதே எமது விடை. ஆனால் அவ்விடையைச் சாசனமே முன்கூட்டிக் கூறியிருத்தல் வேண்டும். பின்வந்தோர் தம் மனம்போற் பொருள் கொள்ளுதற்கு இடமிருத்தலாகாது.

கொடுத்தவர் கற்பித்தலிலே தலையிடலாமா என்பது பிறிதொரு வினா. இங்கு எமக்கு ஐயமே இல்லை, ஆகாது. 1991 இல் லீ பாஸ் என்னும் செல்வர் மேலைநாட்டு நாகரிகக் கல்விக்கென யேலுக்கு இரண்டு கோடி டொலர் அளித்தார். பின்னர், அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரைத் தெரிவதிலும் தமக்கு இசைவுரிமை வேண்டும் என்றார். பல்கலைக்கழகம் அதற்கு உடன்படாது 1995 இல் அப்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தது. இரண்டு கோடியைத் திருப்பிக் கொடுத்தல் எளிதன்று. ஆயினும் அது செய்யத்தக்கதே. இன்ன ஆசிரியர் இன்ன வகுப்புக்கு வேண்டும், இன்னாருடைய மகன் அணித்தலைவன் ஆதல் வேண்டும் என்று காசோலையோடு கடிதமும் வருமாயின், நம் கல்லூரிகளுள் எத்தனை அக்காசோலையைத் திருப்பும்?

நம் நாட்டுக்கு இவையெல்லாம் அந்நியமான செய்திகள் எனக் கருதற்க. முதலை அழியாது காத்து வருவாயால் அறஞ் செய்தல் நம் முன்னோர் நன்கறிந்த நெறி. கோயிலுக்கு வயல் எழுதிவைத்தவன் வயலை விற்று விளக்கேற்றச் சொன்னானல்லன். விளைவைக் கொண்டு ஏற்றச் சொன்னான். வீடுதோறும் பானையிலிருந்து பிடியரிசி எடுத்து வைத்து அறநிலையங்களைத் தாங்கிய பெண்கள் சிறுகொடையின் பெருவலியை உணர்ந்தவர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே 1913 இற் பெண்களுக்கெனவும், திருநெல்வேலியிலே 1921 இல் ஆண்களுக்கெனவும் தம் பொருளாற் கல்லூரிகள் நிறுவினார். 1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதற்கு இடமளித்தது அப்பரமேசுவராக் கல்லூரியே. வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரிக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்ரன் நகரில் ஒரு தருமகர்த்தா சபை அமைந்து, அங்குச் சேர்ந்த முதலின் வருவாயை இங்கு அனுப்பி வந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த அம்முறையைச் சைவ மக்களாகிய நாம் கற்றிருக்கலாம். நாமோ கட்டடங்களைக் கட்டினோம். அவற்றைத் தாங்கும் முதலைப் போதிய அளவு வைத்தோமல்லோம்.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி உதவிபெறும் பாடசாலைகள் அரசின் முகாமைக்குச் சென்றன. இந்துக் கல்லூரிகள் பலவும் அவ்வாறு சென்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகின்றது. ஆகவே பழைய மாணவர் ஏன் கொடுத்தல் வேண்டும் என்று கேட்போர் உளர். அக்கேள்வியை யாம் எளிதாகத் தள்ளோம். அரசு செய்யவேண்டியதைத் தனியார் செய்யத் தொடங்கினால் அரசு மெல்ல விலகிக்கொள்ளும் என்ற அச்சம் மெய்யானதே. ஆதலாலேதான் கன்சாசினர் கைக்கொண்ட பிரிவினை நமக்கும் ஏற்றது. வகுப்பறை, ஆசிரியர், தளபாடம் ஆகியவற்றை அரசிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பதை ஒருநாளும் நிறுத்தோம். அரசின் வாய்பாட்டுக்குள் அடங்காத தேவைகளை நிதியம் நோக்கட்டும்.

அத்தகைய தேவைகள் யாவை? காலையுணவின்றி வந்து மூன்றாம் பாடவேளையில் மேசையிலே தலை சாய்க்கும் பிள்ளையை ஆசிரியர் அறிவர், சுற்றுநிருபம் அறியாது. பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்றும், முதல் மூன்று மாதத் தங்குமிடச் செலவுக்கு வழியின்றித் தயங்கும் மாணவன் உளன். ஆய்வுகூடத்துக்குப் பெயர்ப்பலகையோடு பொறிகள் தருவார் பலர். அடுத்த ஆண்டுக்குரிய அமிலம் வாங்கித் தருவார் அரியர். நூலகத்துக்கு அலுமாரி வரும், நூல் வாராது. தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு குறையையும் சொல்லிவைப்போம். நிகண்டும், அகராதியும், பழைய உரைநூற் பதிப்பும் கேட்டு எழுதினால், அவை இப்போது கைபேசியிலே கிடைக்குமே என்று மறுமொழி வருகின்றது. கைபேசியை வகுப்புக்குக் கொண்டுவரலாகாது என்பதும் அவர்களே இயற்றிய விதி! இவையெல்லாம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு வரும் கொடையில் அகப்படாதவை. நோக்கங் குறியாத கொடையே இவற்றைத் தாங்கவல்லது. அதனாற்றான் அது கொடையுட் சிறந்தது என்கின்றோம்.

உதவி பெறும் மாணவனை மேடையேற்றி, காசோலையைப் பெரிதாக எழுதிக் கையிற் கொடுத்து, நிழற்படம் எடுக்கும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. கொடுத்தவர் பெயர் அறிக்கையில் வரட்டும். பெற்றவன் பெயர் வகுப்பாசிரியரோடும் பொறுப்பாளரோடும் நிற்கட்டும்.

மற்றொன்று. பெருங்கல்லூரிகளுக்கே பழைய மாணவர் பலர். அவர்தம் பணமும் அங்கேயே பாயும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிலே தேறிய பிள்ளைகளை நமக்கு அனுப்பிவிட்டு, மாணவர் தொகை குறைந்து மெலிந்து நிற்கும் சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு யார் உளர்? நாம் அவற்றின் விளைவை உண்கின்றோம். நிதியத்தின் ஆண்டு வருவாயிற் பத்திலொரு பங்காயினும் அப்பாடசாலைகளின் நூலகங்களுக்குச் செல்லுதல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துவோம். இதனைச் சொன்னவுடன், நம் பணம் நம் கல்லூரிக்கே என்று சிலர் முகஞ் சுளிப்பர். அவர்களுட் பலர் அச்சிற்றூர்ப் பாடசாலைகளிலே அரிச்சுவடி பயின்றவர்கள் என்பதே எமக்கு வியப்பு.

நிதியத்தை யார் ஆளுதல் வேண்டும்? அதிபரிடம் விடுதல் ஆகாது. அவர் இடமாற்றம் பெறுவார், அன்றியும் அவர் சுமை முன்னரே மிகுதி. ஆண்டுதோறும் தேர்தலால் மாறும் சங்கச் செயற்குழுவிடம் விடுதலும் ஆகாது. ஒவ்வொரு குழுவும் தன் காலத்தில் ஒரு கட்டடம் காட்ட விரும்பும். எழுவர் கொண்ட தனித் தருமகர்த்தா சபை போதும். எல்லாரும் ஒருங்கே விலகாவண்ணம், ஆண்டுக்கொருவர் இருவராக முறைமாறி விலகுமாறு விதி அமைத்தல் வேண்டும். அவருள் ஒருவராயினும் இக்கல்லூரியிற் படியாதவராக இருத்தல் நன்று. உறவும் ஊரும் நட்பும் பாராது கேள்வி கேட்க அவருக்கு இயலும். செலவிடும் வீதத்தைச் சாசனத்திலேயே வரையறுத்தல் வேண்டும். முதலைத் தொடுதற்கு முக்காற்பங்கினரின் இசைவு வேண்டும். கணக்குப் பரிசோதகரின் அறிக்கை ஆண்டுதோறும் அச்சேறி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள கிளைச் சங்கங்களுக்குச் செல்லுதல் வேண்டும். வெளிநாட்டில் உள்ளோர் கைசுருக்குகின்றனர் என்று இங்குக் குறை கூறுவார் உளர். அனுப்பிய பணத்துக்குக் கணக்கு எழுதி அனுப்பினோமா என்பதை முன்னர்க் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்விதிகளின் வரைவு ஒன்றனைச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே விவாதத்துக்கு வைக்குமாறு விழாக் குழுவினரை வேண்டுகின்றோம். வளைவுக்கென மதிப்பிட்ட தொகையே தொடக்க முதலாகலாம். வளைவு விரும்புவாரோடு எமக்குப் பகை இல்லை. பத்தாண்டின் பின்னர், முதலைத் தொடாது, ஓராண்டு வருவாயின் மிச்சத்தைக் கொண்டு அதனைக் கட்ட இயலுமாயின், அத்திறப்புவிழாவுக்கு வாழ்த்துப்பா பாடித் தருதற்கும் யாம் உடன்படுகின்றோம்.